மீனம்பாள் அழுத அழுகை

மீனம்பாளுக்கு வேலை போனபோது அவளுக்கு வாழ்த்துச் சொன்னவர்கள்தான் அதிகம். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான். செஞ்சி கூட்டு ரோட்டுக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் தெருவில் செய்தி பரவியதும் முதல் ஆளாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "அப்பாடா, இனிமேயாவது காலைல வெந்தும் வேகாததும் தின்னுட்டு ஓடாம நிம்மதியா தூங்கு" என்றாள். எதிர்வீட்டுப் பெண் வந்து, "உடம்ப பாருக்கா, எப்படி எளைச்சிப் போயிருக்குது, நல்லதுக்குத்தான் நடந்துருக்குது" என்றாள். அவலூர்பேட்டையிலிருந்து மீனம்பாளின் அண்ணன் வந்தார். டீ குடித்தார். பொம்பளை சம்பாதித்தது போதும், காலேஜ் போகும் பெண் இருக்கிற வீட்டில் அம்மாக்காரி வீட்டோடு இருப்பதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். "வரேம்மா" என்று சிரித்த முகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புருஷன் பச்சைமுத்து நல்ல மனுஷன். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். குடிக்கிற பழக்கம் கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் அறவே கிடையாது. அவனுக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "ரெஸ்ட் எடு மீனா." காலையில் ஆட்டோவைத் துடைக்கும்போதும் சொன்னான், மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போதும் சொன்னான். காய்ச்சல்காரிக்கு மாத்திரை கொடுப்பது போல வேளை தவறாமல் சொன்னான்.

அவள் வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியில். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் கூட்டு ரோட்டுக்கு வரும். ஏறினால் ஒன்றரை மணி நேரப் பயணம். மீனம்பாளின் அம்மாவும் நைனாவும் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனிக்குப் போன மீனம்பாள் முதலில் நூல் நறுக்கினாள், அப்புறம் தையல் மிஷினில் உட்கார்ந்தாள், அப்புறம் லைன் லீடர் ஆனாள். லைன் என்றால் வரிசையாக மிஷின்கள், ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெண். முதல் பெண் ஒரு துண்டைத் தைத்துத் தள்ளினால் அடுத்தவள் இன்னொன்றைச் சேர்த்துத் தைப்பாள். கடைசி மிஷினைத் தாண்டும்போது ஷூவின் மேல்பாகம் முழுசாக வந்திருக்கும். நடுவில் ஒருத்தி நின்றாலும் அவளுக்கு முன்னால் துண்டுகள் மலையாகக் குவியும், அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். லைன் நிற்காமல் பார்த்துக்கொள்கிறவள்தான் லைன் லீடர். மீனம்பாளின் லைன் நின்று யாரும் பார்த்ததில்லை. அத்தனை பெண்களும் அவளை மீனாக்கா என்றார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செஞ்சியில் அவளிடம் யோசனை கேட்க ஒருவரும் இல்லை. கம்பெனியில் அவளைக் கேட்காமல் ஒருத்தி ஊசி மாற்ற மாட்டாள்.

ஆர்டர் குறைந்தது, லைனைக் கலைத்தார்கள். சின்ன வயசுப் பெண்களை வேறு லைனுக்கு மாற்றினார்கள். சம்பளம் கூடுதலாக வாங்கிய லீடர்களை அனுப்பிவிட்டார்கள். ஊர் அறிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை.

வேலை போன பிறகும் அவள் நாலு மணிக்கே எழுந்துகொண்டாள். குளித்தாள், தலை வாரிப் பின்னினாள், உட்கார்ந்தாள். மற்ற லைன் பெண்களுக்காக அந்த பஸ் இன்னமும் கூட்டு ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. டிரைவர் அடிக்கிற ஹாரன் வீடு வரைக்கும் கேட்கும். அது கேட்கக் கூடாது என்று அந்த நேரம் பார்த்து மிக்ஸியை ஓட விட ஆரம்பித்தாள். மிக்ஸி ஓடினால் எதையாவது அரைத்துத்தானே ஆக வேண்டும். வீட்டில் மூன்று வேளையும் சட்னியாகிப் போனது. மகள் மோனிகா இட்லித் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்னியோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுப்படியையே லைனாக மாற்றிவிட்டாள். வெங்காயம் உரிக்கிறவள் உரித்து முடிப்பதற்குள் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும், காய்ந்த எண்ணெய் காத்திருக்கக் கூடாது. மோனிகா மடித்த துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரிஜெக்ட். மறுபடி மடி" என்றாள். ஒருநாள் அந்தப் பெண் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"யம்மா, இது வீடு. கம்பெனி இல்ல."

மீனம்பாள் அந்தத் துணியை அப்படியே அலமாரியில் வைத்தாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அழுகை வரவில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போன வீட்டில் எதை வைத்து அழுவது? நெஞ்சுக்குள் ஒரு கல் உட்கார்ந்துகொண்டது. தின்ற சோறு அதைத் தாண்டி இறங்க மாட்டேன் என்றது.

அப்படி இருக்கும்போதுதான் வல்லத்துப் பக்கத்திலிருந்து போன் வந்தது. பச்சைமுத்துவுக்கு ஒரு வகையில் சின்னம்மா முறை, தனகோட்டி என்று பெயர், இறந்துவிட்டாள். மீனம்பாள் அந்தம்மாவை இரண்டு தடவை பார்த்திருப்பாள். ஒன்று தன் கல்யாணத்தில், இன்னொன்று ஏதோ ஒரு சாவில். "மாலை போட்டுட்டு, மொகத்த காமிச்சிட்டு வந்துடலாம்" என்றான் பச்சைமுத்து. ஆட்டோவிலேயே போனார்கள்.

தனகோட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அவள் போகாத சாவு வீடு கிடையாது. சொந்தமா, பங்காளியா, சண்டைக்காரனா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவள் தோளில் கையைப் போட்டு ஒப்பாரியின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால், வாய் செத்தவளும் பின்னாலேயே அழுதுவிடுவாள். அப்படி ஊருக்கெல்லாம் அழுதவள் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் ஒப்பாரி தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவி ஆரம்பித்து மூச்சு வாங்கி நிறுத்தினாள். இன்னொருத்தி தனகோட்டி பேரைச் சொல்லி இழுத்துவிட்டு அடுத்த அடி தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற பெண் அமலா பெட்டியைப் பிடித்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

முறைக்காக மீனம்பாளும் போய் வட்டத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் அவள் தோளில் கை போட்டார்கள், இவளும் போட்டாள். லைன் நின்று கிடக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. நின்ற லைனைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. வாயைத் திறந்து, "எம்மா" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

அவ்வளவுதான், பின்னால் வந்தது எதுவும் அவள் கையில் இல்லை. அத்தனை நாளாக உட்கார்ந்திருந்த கல் புரண்டு வெளியே வந்தது. என்ன சொல்லி அழுதாள் என்று பாதி அவளுக்கே தெரியாது. "வெள்ளன வர்ற பஸ்சு எனக்காக நிக்கலியே" என்று அழுதது மட்டும் பிறகு ஞாபகம் வந்தது. சுற்றி இருந்த பெண்கள் பஸ்ஸா, எந்த பஸ் என்றெல்லாம் கேட்கவில்லை. "நிக்கலியே, நிக்கலியே" என்று கூடவே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நின்றுபோயிருந்த ஒப்பாரி பிடித்துக்கொண்டது. வாசலில் மேளம் அடித்தவர்கள்கூடக் கொஞ்சம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பச்சைமுத்து பயந்துபோய் எழுந்து நின்றான்.

மயக்கம் வருகிற மாதிரி ஆனதும் யாரோ தண்ணீர் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள். பிணத்தை எடுத்த பிறகு இருவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுபடி ஒரு துக்கத்துக்கு வருகிறேன் என்று அர்த்தம் ஆகிவிடும். எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட வேண்டியதுதான்.

"சின்னம்மா மேல உனக்கு அவ்ளோ பாசமா?" என்று பச்சைமுத்து வழியில் கேட்டான்.

"ரோட்ட பாத்து ஓட்டுங்க" என்றாள் மீனம்பாள். அன்று ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். சில நாள் கழித்து அமலா போன் செய்தாள்.

"அண்ணி, பெத்த புள்ளைங்க நாங்களே அவ்ளோ அழல. ஊரே உங்களப் பத்திதான் பேசுது. பஸ்சுன்னு சொல்லி அழுதீங்களே, அம்மா பஸ் ஏறி வந்து உங்கள பாப்பாங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையே."

மீனம்பாள் "ம்" என்றாள். மனுஷி வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அந்த ஒரு "ம்". அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. மோனிகா வயிற்றில் இருந்தபோது தனகோட்டிதான் வந்து பார்த்துக்கொண்டாளாம். விடிகாலை பஸ்ஸில் முருங்கைக் கீரையும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போவாளாம். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பச்சைமுத்துவே ஒருநாள், "சொல்லவே இல்லையே நீ" என்று ஆச்சரியப்பட்டான். அந்த நாட்களில் அவனும் அதே வீட்டில்தான் இருந்தான் என்பதை அவனே மறந்துவிட்டான்.

கருமாதிக்கு முந்தின நாள் அமலா மறுபடியும் கூப்பிட்டாள்.

"நாளைக்கு எல்லாரும் சாப்ட்டப்புறம் நாம ரெண்டு பேரும் தனியா ஒக்காரலாம் அண்ணி. அம்மாவப் பத்தி ஊருக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும். எப்ப பாத்தாலும் அடுத்த வூட்டு சாவுக்குப் போயிடும். எங்ககிட்ட ஒக்காந்து பேசினதே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சத எனக்கு சொல்லுங்க."

மீனம்பாள் போனை வைத்தாள். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. போய், கீரை கொண்டுவந்து கொடுப்பாங்க, தலை வாரி விடுவாங்க என்று நாலு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் மனசு நிறையும், யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்படியும் அப்படியுமாகப் புரட்டிப் பார்த்தாள். ஆனால் தையல் விட்ட ஷூவுக்கு மேலே பாலீஷ் போட்டு அனுப்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கருமாதி முடிந்தது, பந்தி முடிந்தது. அமலா அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் போனாள். கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி" என்றாள். அப்பாவியாக, கதை கேட்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

"அமலா, நான் உங்கம்மாவுக்காக அழல."

"இன்னா அண்ணி?"

"உங்கம்மாவ நான் ரெண்டு வாட்டிதான் பாத்துருக்கேன். அவங்க என் வூட்டுக்கு வந்ததே இல்ல. நான் ஷூ கம்பெனில இருந்தேன். வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. பஸ்சுன்னு சொன்னது கம்பெனி பஸ்ஸத்தான். அதுக்குத்தான் அழுதேன். நீ போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

அமலா அவள் கையை விட்டுவிட்டாள். "வேலைக்கா?" என்றாள்.

"வேலைக்குத்தான்."

"எங்கம்மாவ வெச்சிக்கினு, வேலைக்கு அழுதீங்களா?"

உள்ளேயிருந்து யாரோ இலைக்கட்டு எங்கே என்று அமலாவைக் கூப்பிட்டார்கள். போனவள் திரும்பி வரவில்லை. கூட்டத்தில் எதிரே பார்த்தபோதும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். மீனம்பாள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். அன்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றிருந்தாலும் சொல்ல முகம் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு அது ஆறவில்லை. செத்துப்போன அம்மாவைப் பற்றி ஒரு பெண்ணுக்குப் புதுசாக ஒன்று கிடைத்திருந்தது. பொய்யோ நிஜமோ, அதை வைத்துக்கொண்டு அவள் கொஞ்சம் தேறியிருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோமே என்று நினைத்து நினைத்துக் கூசினாள். வேலை போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை என்று தோன்றியது. காலையில் ஹாரன் கேட்டது, மிக்ஸி போடக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. கோட்டை பார்க்க வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி வருகிற நாள். மோனிகா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பச்சைமுத்து சவாரிக்குப் போயிருந்தான். மீனம்பாள் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அமலா நின்றாள். கையில் ஒரு பையில் பால் பாக்கெட்டும் பிஸ்கட்டும் டீத்தூளும் இருந்தன. சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் மீனம்பாள் முதலில் நினைத்தாள். சண்டைக்கு வருகிறவள் பாலும் டீத்தூளும் கொண்டுவர மாட்டாள்.

"உள்ள வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அமலா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எப்படி அண்ணி ஆச்சு?"

"எது?"

"வேலை."

மீனம்பாளுக்குச் சட்டென்று புரியவில்லை. பால், டீத்தூள், தரை, வேண்டாம் என்ற தண்ணீர், அந்தத் தாழ்ந்த குரல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது புரிந்தது. அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாரும் எப்படித் தொடங்குவார்களோ அப்படியே அவள் வாயிலும் வந்தது.

"அன்னைக்குக் காலைல கூட நல்லாத்தான் இருந்துச்சு."

"ம்."

"பஸ்ல போனேன், எறங்கினேன், லைன ஸ்டார்ட் பண்ணேன். பத்து மணி வாக்குல ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட்டாங்க. டீ குடுத்தாங்க. எத்தினியோ வருசத்துல அந்த ரூம்ல எனக்கு டீ குடுத்ததே இல்ல. லைன எடுக்கறோம், நாளையிலேர்ந்து வர வேணாம்னாங்க. கழுத்துல இருந்த ஐடி டேக்க கழட்டிக் குடுக்கச் சொன்னாங்க. அது முடியில சிக்கிக்கிச்சு. ஆபீஸ்ல ஒக்காந்துருந்த பொண்ணே எழுந்து வந்து எடுத்துவுட்டுச்சு."

அவள் டீயைப் பற்றிச் சொல்லும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றிருந்தது. பச்சைமுத்து உள்ளே வந்தவன், இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துக் கதவோரமாகவே நின்றுவிட்டிருந்தான். மீனம்பாள் அவனைப் பார்க்கவில்லை.

"கத்திரிக்கோலும் டிபன் பாக்சும் எடுக்கணும்னு லைனுக்குப் போனேன். முதல் மிஷின்லேர்ந்து கடைசி மிஷின் வரைக்கும் நடந்தேன் அமலா. ஒருத்தி கூட தலைய தூக்கல."

"ஏன் அண்ணி? அவ்ளோ கல் மனசா?"

"அதுங்க மேல தப்பு இல்ல. நான்தான் அப்படி பழக்கி வெச்சிருக்கேன். யார் வந்தாலும் போனாலும் தலைய தூக்கக் கூடாது, தூக்கினா தையல் கோணும்னு நான்தான் தினம் கத்துவேன். நான் போறேன்னு அதுங்களுக்குத் தெரியாது. வழக்கமா செக் பண்ண நடக்கறேன்னு நெனச்சிருக்கும். கூப்ட்டு சொல்லலாம்னு நின்னேன். சொன்னா லைன் நின்னுடும். சொல்லாம வந்துட்டேன்."

அவள் அழுதாள். வல்லத்தில் அழுத மாதிரி ஓலமிட்டு இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக அழுதாள். அமலா நகர்ந்து வந்து அவள் தோளில் கை போட்டாள். அவளும் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று மீனம்பாள் கேட்கவில்லை, கேட்பது முறையும் இல்லை.

"அம்மா இருந்துச்சுன்னா அன்னைக்கே வந்துருக்கும்" என்றாள் அமலா. "யார் வூட்லன்னு பாக்காது. அது போவாத துக்கம் இல்ல. இப்ப அது இல்ல, அதான் நான் வந்தேன்."

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, மீனம்பாள் கையை ஒரு தடவை அழுத்தினாள். தலையைக் குனிந்தபடி பச்சைமுத்துவைத் தாண்டி வெளியே போனாள். தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பச்சைமுத்து அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னா இது, வூட்டுக்கு வந்த பொண்ணு போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிக்காம போவுது?"

"துக்கத்துக்கு வந்தவங்க சொல்லிக்கினு போவ மாட்டாங்க" என்றாள் மீனம்பாள்.

அவன் கையிலிருந்த ஆட்டோ சாவியை ஆணியில் மாட்டினான். ரெஸ்ட் எடு என்று சொல்லத்தான் வாயெடுத்தான், சொல்லவில்லை. அமலா உட்கார்ந்திருந்த இடத்திலேயே, சுவரோரம், தரையில் உட்கார்ந்தான்.

"டேக்கு கூட வாங்கிக்கினாங்களா?" என்று கேட்டான்.

"வாங்கிக்கினாங்க" என்றாள்.